பழைய கார் டீலரின் மறைமுகக் கட்டணங்கள்: விளம்பர விலை ஒன்று, கட்டச் சொல்லும் விலை வேறொன்று

வழிப்போக்கன்:

வணக்கம் நண்பர்களே. வீட்டுக்கு ஒரு பழைய கார் வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறோம். இணையத்தில் ஒரு டீலர் போட்டிருந்த விலை எங்கள் கையிருப்புக்குச் சரியாக இருந்தது. நேரில் போய்ப் பார்த்தோம், ஓட்டினோம், வண்டி பிடித்துவிட்டது. "சரி, எடுத்துக்கொள்கிறோம்" என்று சொன்ன பிறகுதான் கணக்குத்தாளை எடுத்து வைத்தார்கள். விளம்பர விலைக்குக் கீழே வரிசையாக ஆவணக் கட்டணம், வண்டி தயாரிப்புக் கட்டணம், பெயிண்ட் பாதுகாப்பு, டயருக்கு நைட்ரஜன், கண்ணாடியில் எண் பொறித்தது, சேவைக் கட்டணம். வரியும் பெயர் மாற்றச் செலவும் இதில் சேராது, அது தனி. கூட்டிப் பார்த்தால் விளம்பர விலைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது.

கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். "எல்லா இடத்திலும் இப்படித்தான், இது கம்பெனி விதி" என்றார்கள். வீட்டுப் பெரியவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். இதில் எது கட்டியே ஆக வேண்டியது, எது பேசிக் குறைக்கக்கூடியது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எழுத்தர்மேசை:

கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தீர்களே, அதுவே நல்லது. நான் ஒரு டீலரிடம் கடன், ஆவணங்கள் பார்க்கும் மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன். இப்போது அந்தத் தொழிலில் இல்லை. அதனால் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அந்தத் தாளில் எத்தனை பெயர் இருந்தாலும் பணம் போகும் இடம் மூன்றுதான். ஒன்று, அரசுக்குப் போவது: வரி, பதிவு, பெயர் மாற்றம். இதைக் குறைக்கச் சொல்லி டீலரிடம் பேசிப் பயனில்லை. ஆனால் அரசு வாங்குவது எவ்வளவோ அதே தொகைதானா என்று நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம், கட்டணப் பட்டியல் பொதுவில் இருக்கும். இரண்டு, மூன்றாம் ஆளுக்குப் போவது: காப்பீடு, வங்கியின் கடன் செயல்முறைக் கட்டணம், வெளி நிறுவனம் தரும் நீட்டித்த வாரண்டி. இதில் டீலருக்குக் கமிஷன் உண்டு. மூன்று, டீலரின் கல்லாவிலேயே தங்குவது. நீங்கள் எழுதிய ஆறும் இந்த மூன்றாவது வகைதான். ஆறுமே பேசக்கூடியவை.

தாளில் உள்ள ஒவ்வொரு தொகைக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தப் பணம் யாருக்குப் போகிறது, அவர்கள் தரும் ரசீது என் பெயரில் வருமா?" அரசுக் கட்டணத்துக்கு ரசீது வரும். காப்பீட்டுக்குப் பாலிசி வரும். "தயாரிப்புக் கட்டண"த்துக்கு எதுவும் வராது.

இன்னொன்று. ஆவணக் கட்டணம் படிவத்திலேயே அச்சடித்திருக்கும். கையால் எழுதிய தொகையைக் கேள்வி கேட்கிறவர்கள்கூட அச்சில் இருப்பதைப் பார்த்ததும் அது அரசாணை போல நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவார்கள். அச்சடிப்பதன் நோக்கமே அதுதான். "இது எல்லோருக்கும் ஒன்றே, ஒருவருக்குக் குறைத்தால் எல்லோருக்கும் குறைக்க வேண்டும்" என்பார்கள். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். அப்போது அந்தக் கட்டணத்தைத் தொட வேண்டாம், வண்டி விலையில் அதே தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரர்:

மெக்கானிக்காகச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

நைட்ரஜன்: நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சுத்தமான நைட்ரஜன் அடைத்தால் அழுத்தம் கொஞ்சம் மெதுவாகக் குறையும், ஈரப்பதம் இருக்காது. அது உண்மை. விமானத்துக்கும் பந்தயக் காருக்கும் அதனால் பலன் உண்டு. அன்றாடம் ஓட்டும் காருக்கு மாதம் ஒருமுறை காற்று பார்த்தால் போதும். அடுத்த முறை சாதாரணக் காற்றை அடைத்ததுமே நீங்கள் காசு கொடுத்த கலவை போய்விடும்.

கண்ணாடியில் எண் பொறிப்பது: திருட்டு வண்டியைப் பிரித்து விற்பதைக் கொஞ்சம் கடினமாக்கும் என்பது அதன் காரணம். யோசனையில் தவறில்லை. ஆனால் அதற்கான ஸ்டென்சிலும் ரசாயனமும் மிக மலிவு, வேலையும் கொஞ்ச நேரம்தான். டீலர் தாளில் போடும் தொகைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

பெயிண்ட் பாதுகாப்பு: இந்தப் பெயரில் மெழுகும் வரும், செராமிக் பூச்சும் வரும். இரண்டுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். என்ன பொருள், எந்த நாள் போட்டது, எத்தனை வருட உத்தரவாதம், உத்தரவாதச் சீட்டு எங்கே என்று கேளுங்கள். பல வருடம் வெயிலில் நின்ற பெயிண்டைப் பாலிஷ் போட்டுத் தேய்த்துத் தயார் செய்யாமல் அதன்மேல் பூச்சு போட்டால் பழைய கீறலையும் சேர்த்து மூடி வைத்த மாதிரிதான்.

எனக்கு மிகவும் கோபம் வருவது "வண்டி தயாரிப்பு" என்பதில்தான். கழுவியது, ஆயில் மாற்றியது, பிரேக் பேட் போட்டது எல்லாம் அவர் வண்டியை விற்பதற்காகச் செய்தது. வண்டியை எடுக்கும்போதே இந்தச் செலவைக் கணக்குப் போட்டுத்தான் பழைய சொந்தக்காரரிடம் விலை பேசியிருப்பார். அந்தச் செலவு விற்பனை விலையில் ஏற்கனவே இருக்கிறது. தனியாக இன்னொரு முறை கேட்டால், செய்த வேலைக்கான பட்டறை பில்லைக் காட்டச் சொல்லுங்கள். எந்த பாகம், எந்தத் தேதி, ஓடிய தூரம் எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். பில் காட்டினால் உங்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு: வண்டியில் என்ன கோளாறு இருந்தது என்பது தெரிந்துவிடும்.

தென்றல்:

எங்களுக்கும் இதே கதைதான். "பூச்சு போட்டாயிற்று, நைட்ரஜன் அடைத்தாயிற்று, இப்போது எப்படி எடுப்பது" என்று கேட்டார்கள். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இதற்கு என்ன சொல்வது?

எழுத்தர்மேசை:

// போட்டாயிற்று, இப்போது எப்படி எடுப்பது //

பொருளை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. விலையை எடுக்கச் சொல்கிறோம். "அது வண்டியிலேயே இருக்கட்டும். நான் கேட்டு வாங்கியது இல்லை, அதற்குத் தனியாகப் பணம் தர மாட்டேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். விளக்கம் கொடுத்தால் விவாதமாகிவிடும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு விவாதம்தான் அன்றாட வேலை, நமக்கு அல்ல.

கணக்குப்பிள்ளை:

எல்லோரும் தாளில் தெரியும் கட்டணத்தைப் பற்றியே பேசுகிறோம். தெரியாமல் உள்ளே போகும் பணம் அதைவிடப் பெரியது. கடனில் வாங்குபவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

"மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதுதான் மேசையில் வரும் முதல் கேள்வி. அதற்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் பேரத்தில் பாதி முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஏன் என்று கணக்கோடு காட்டுகிறேன். எந்த நாட்டுப் பணம் என்பது முக்கியமில்லை.

கடன் 10,000. வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம், குறையும் நிலுவை முறை, அதாவது மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி. 60 மாதம். தவணை 212.47 வரும். மொத்தம் கட்டுவது சுமார் 12,748.

இப்போது அதே 212.47 தவணையை வைத்துக்கொண்டு 60 மாதத்தை 72 ஆக்குங்கள். அந்தத் தவணை இப்போது 11,469 கடனைத் தாங்கும். அதாவது மாதத் தவணை ஒரு காசுகூட ஏறாமல் 1,469 மதிப்புள்ள கட்டணங்களை உள்ளே நுழைத்துவிடலாம். வாங்குபவர் தவணையை மட்டும் பார்த்து, "நாம் சொன்னபடியேதானே இருக்கிறது" என்று கையெழுத்துப் போடுவார். கடைசியில் அவர் கட்டியிருப்பது சுமார் 15,298. வித்தியாசம் 2,550.

அப்புறம் வட்டி விகிதம். பல இடங்களில் வங்கி ஒரு விகிதத்தை டீலருக்குச் சொல்லும். டீலர் அதன்மேல் ஒன்று, இரண்டு சதவீதம் ஏற்றி நமக்குச் சொல்வார். கூடுதல் வட்டியில் அவருக்குப் பங்கு உண்டு. இது எந்தத் தாளிலும் கட்டணம் என்று வராது. அதே 10,000 கடன், 60 மாதம்: 8 சதவீதத்தில் தவணை 202.76. 10 சதவீதத்தில் 212.47. மாதம் பத்துக்கும் குறைவான வித்தியாசம் என்பதால் யாருக்கும் உறுத்தாது. ஐந்து வருடத்தில் அது 583 ஆகிறது. கடன் தொகையில் கிட்டத்தட்ட 6 சதவீதம். ஆவணக் கட்டணத்துக்கு அரை மணி நேரம் சண்டை போட்டு வென்றவர்கள்கூட இதில் விட்டுவிடுகிறார்கள்.

இதைவிட மோசம் ஃபிளாட் வட்டி. "10 சதவீதம்தான்" என்று சொல்லி முழு அசலுக்கும் ஐந்து வருடமும் வட்டி போடுவார்கள். 10,000க்கு 5,000 வட்டி, தவணை 250. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் குறையாது. குறையும் நிலுவை முறையில் பார்த்தால் அது சுமார் 17 சதவீதம். பழைய கார் கடனில் இந்த முறை பல ஊர்களில் சர்வ சாதாரணம். "ஃபிளாட்டா, குறையும் நிலுவையா?" என்று கேட்காமல் எந்த விகிதத்தையும் இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள்.

வழிப்போக்கன்:

கணக்குப்பிள்ளை சார், அந்த 72 மாதக் கணக்கு எனக்குப் பெரிய அதிர்ச்சி. எங்களிடமும் முதலில் கேட்டது தவணை எவ்வளவு முடியும் என்றுதான். அப்படியானால் கடன் பற்றி அவர்களிடம் பேசவே கூடாதா?

கணக்குப்பிள்ளை:

பேசலாம், ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் உங்கள் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ உங்கள் பெயருக்கு என்ன வட்டி கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். டீலரிடம் வண்டியின் மொத்த விலையை முடியுங்கள். அது முடிந்த பிறகு, "எனக்கு இந்த விகிதத்தில் கடன் இருக்கிறது, இதைவிடக் குறைவாகத் தர முடியுமா?" என்று கேளுங்கள். சில நேரம் உண்மையிலேயே டீலர் வழியாகக் குறைவாகக் கிடைக்கும். கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறுகடை:

நான் டீலர் தரப்பு. சின்ன அளவில் பழைய கார் வாங்கி விற்கிறேன். இங்கே எழுதியிருப்பதில் பெரும்பகுதி உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கு அலைவது, பழைய கடனை அடைத்து வங்கியிடம் தடையில்லாச் சான்று வாங்குவது, அபராதம் நிலுவை இருக்கிறதா என்று பார்ப்பது, இதற்கெல்லாம் ஆள் வேண்டும், நாள் ஆகும். அது சும்மா நடப்பதில்லை. அதற்கு ஒரு நியாயமான தொகை கேட்பதில் தவறில்லை.

அதை ஏன் விலையிலேயே சேர்த்துச் சொல்வதில்லை? நான் சேர்த்துத்தான் போட்டுப் பார்த்தேன். விளம்பரத் தளங்களில் ஆட்கள் விலையைக் குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்திப் பார்க்கிறார்கள். முழு விலை போட்ட என் வண்டி மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடுகிறது. அதே மாடல், அதே வருடம், கட்டணங்களை மறைத்துப் போட்டவரின் வண்டி முதல் பக்கத்தில் நிற்கிறது. அழைப்பு அவருக்குத்தான் போகிறது. கடைசியில் வாங்குபவர் என் விலையைவிட அதிகமாகவே கொடுத்து அங்கே வாங்கிக்கொண்டு போகிறார். முழு விலையை எழுதியதற்காக நான் வியாபாரத்தை இழக்கிறேன். என்னைப் போன்றவர்கள் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? எல்லோரும் முழு விலையைத்தான் எழுத வேண்டும் என்று சட்டம் இருந்தால் முதலில் சந்தோஷப்படுவது நேர்மையான டீலர்கள்தான்.

விதிப்புத்தகம்:

சிறுகடை நண்பர் சொன்னது மிக முக்கியமான விஷயம். அப்படிப்பட்ட சட்டம் சில இடங்களில் இருக்கிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2010 முதல், டீலர் விளம்பரத்தில் ஒரு விலை போட்டால் அவர் வசூலிக்கப்போகும் எல்லாக் கட்டணமும் அதில் அடங்கியிருக்க வேண்டும். விற்பனை வரியும் பதிவுச் செலவும் மட்டும் வெளியே இருக்கலாம், அதையும் விளம்பரத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டமும் கணக்கிடக்கூடிய மொத்த விலையை ஒரே எண்ணாகக் காட்டச் சொல்கிறது. பிரிட்டனில் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தவிர்க்க முடியாத கட்டணங்களை மறைத்துவிட்டுச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது 2025 ஏப்ரல் 6 முதல் தடை. இது கார் மட்டுமல்ல, எல்லா வணிகத்துக்கும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. கூட்டாட்சி வர்த்தக ஆணையமான எஃப்டிசி, முழு விலையைச் சொல்ல வேண்டும், வாங்குபவருக்குப் பயனில்லாத கூடுதல் பொருட்களுக்குக் காசு வாங்கக்கூடாது என்று டீலர்களுக்கு ஒரு விதியை 2023 டிசம்பரில் அறிவித்தது. டீலர் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 ஜனவரியில் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. விதி தவறு என்று சொல்லவில்லை. விதி கொண்டுவருவதற்கு முன் கொடுக்க வேண்டிய முன்னறிவிப்பை ஆணையம் கொடுக்கவில்லை என்பதுதான் காரணம். அந்த விதி ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. நல்ல விதி ஒன்று நடைமுறைக் குறையால் போனதில் எனக்கு இன்றும் வருத்தம்.

அங்கே ஆவணக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகளாக 85 டாலர்தான் உச்சவரம்பு. ஃபுளோரிடாவில் உச்சவரம்பே கிடையாது. ஒரே வேலை, ஒரே காகிதம். ஒரு மாநிலத்தில் 85 டாலருக்குள் முடிகிறதென்றால், வரம்பில்லாத இடத்தில் அதைப் போலப் பல மடங்கு வாங்குவதைச் செலவு என்று சொல்ல முடியாது.

நிலாச்சோறு:

எங்கள் கணக்குத்தாளில் "வரி" என்று ஒரு தொகை. வண்டியின் முழு விலைக்கும் சதவீதம் போட்டிருக்கிறார்கள். அரசுக்குப் போவதைப் பேச முடியாது என்று மேலே எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் கட்டித்தான் ஆக வேண்டுமா?

விதிப்புத்தகம்:

கட்டும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள். பழைய கார் மீதான வரி பல நாடுகளில் முழு விலைக்கு இல்லை, டீலரின் லாபத்துக்கு மட்டும்.

இந்தியாவில் 2025 ஜனவரி முதல் பதிவுபெற்ற டீலர் விற்கும் எல்லாப் பழைய கார்களுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் சின்னக் கார்களுக்கு 12 ஆக இருந்தது. ஆனால் அந்த 18 சதவீதம் டீலர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான். ஐந்து லட்சத்துக்கு வாங்கி ஐந்தரை லட்சத்துக்கு விற்றால் ஐம்பதாயிரத்துக்குத்தான் வரி, அதாவது 9,000. முழு விலைக்குப் போட்டால் 99,000 வரும். அறிவிப்பு வந்தபோது பலரும் முழு விலைக்கு என்றே புரிந்துகொண்டார்கள். அந்தக் குழப்பத்தை யாராவது பயன்படுத்தினால் ஏமாந்துவிடாதீர்கள். தனிநபர் தனிநபருக்கு விற்றால் இந்த வரியே கிடையாது.

பிரிட்டனிலும் டீலர் லாப அளவு முறையில் விற்றால் வாட் வரியை ரசீதில் தனியாகக் காட்டவே கூடாது. அமெரிக்காவிலோ பெரும்பாலான மாநிலங்களில் விற்பனை வரி மொத்த விற்பனை விலைக்குத்தான். ஆகவே உங்கள் இடத்தில் எந்த முறை என்று வரித்துறை தளத்தில் பார்த்துவிட்டு, வரி எந்தத் தொகையின் மீது போடப்பட்டது என்று டீலரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

மேட்டுத்தெரு:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இவ்வளவு தூரம் ஒவ்வொரு கட்டணத்தோடும் மல்லுக்கட்ட வேண்டுமா? எனக்குத் தேவை கடைசி எண். கட்டணம் எதுவும் இல்லாத டீலர் 110 சொல்கிறார், ஏழு கட்டணம் போட்டவர் மொத்தமாக 106 சொல்கிறார் என்றால் நான் இரண்டாமவரிடம்தான் வாங்குவேன். பெயர் என்னவாக இருந்தால் என்ன?

எழுத்தர்மேசை:

உங்கள் கருத்தோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். ஒப்பிட வேண்டியது கடைசி எண்ணைத்தான்.

ஆனால் பெயரும் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த 106க்குள் வாரண்டி, காப்பீடு என்று ஏதாவது இருந்தால் அதை ரத்து செய்து பணம் திரும்பப் பெற முடியும். கார் விலைக்குள் கரைந்துவிட்டால் முடியாது. இன்னொன்று, தெரியாத கட்டணத்தை நுழைக்கிற டீலர் வண்டியின் விபத்து வரலாற்றையும் ஓடிய தூரத்தையும் பற்றிச் சொல்வதை நான் அப்படியே நம்ப மாட்டேன். குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் அந்த வண்டியை வெளி மெக்கானிக்கிடம் காட்டாமல் எடுக்கக் கூடாது.

பட்டறைக்காரர்:

இதை நூறு முறை சொல்வேன். டீலரே "இருநூறு அம்சச் சோதனை முடிந்தது" என்று சான்றிதழ் கொடுத்து, அதற்கும் காசு கேட்பார். சோதித்தவருக்குச் சம்பளம் தருவது யார் என்று யோசியுங்கள். நீங்கள் கூட்டிவரும் மெக்கானிக்குக்கு வண்டியைக் காட்ட மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

கரையோரம்:

பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "உங்கள் வண்டிக்கு நீங்கள் கேட்ட விலையே தருகிறோம்" என்று தாராளமாகச் சொல்வார்கள். அந்தத் தாராளம் வாங்கும் வண்டியின் விலையிலோ கட்டணத்திலோ திரும்ப வந்துவிடும். இரண்டையும் தனித்தனிப் பேரமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிக்கு வேறு ஓர் இடத்திலும் விலை கேட்டு எழுத்தில் வாங்கி வைத்திருந்தால் பேசத் தைரியம் வரும்.

தென்றல்:

சரி, நேரில் போனால்தான் இந்தச் சிக்கல். போகும் முன்பே தொலைபேசியில் கேட்டால் "நேரில் வாங்க, பேசிக்கலாம்" என்கிறார்கள். அதற்கு என்ன வழி?

எழுத்தர்மேசை:

தொலைபேசியில் பேசாதீர்கள், எழுதுங்கள். அழைப்பில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. நான் உறவினர்களுக்கு எழுதிக் கொடுக்கும் செய்தி இது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்:

"உங்கள் விளம்பரத்தில் உள்ள இந்த வண்டியை வாங்க விரும்புகிறேன். வரி, பதிவு, பெயர் மாற்றம், உங்கள் எல்லாக் கட்டணங்கள், ஏற்கனவே பொருத்திய பொருட்கள் அனைத்தும் சேர்த்து, வண்டியை என் பெயரில் எடுத்துச் செல்ல நான் தர வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு? ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதி அனுப்புங்கள். வாரண்டி, பூச்சு, காப்பீடு போன்ற கூடுதல் எதுவும் எனக்கு வேண்டாம். இந்தத் தொகை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் குறிப்பிடுங்கள்."

வண்டியின் சேசிஸ் எண்ணையோ பதிவு எண்ணையோ கட்டாயம் சேருங்கள். இல்லாவிட்டால் "நாங்கள் சொன்னது வேறு வண்டிக்கு" என்பார்கள். ஒரே நாளில் நான்கைந்து டீலர்களுக்கு அனுப்புங்கள். முழு எண்ணை எழுதி அனுப்புகிறவர்களிடம் மட்டும் நேரில் போங்கள். "நேரில் வாங்க" என்று மட்டும் பதில் போடுகிறவரை விட்டுவிடுங்கள், எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும்.

சிறுகடை:

என்னைப் போன்றவர்களுக்கு இப்படி ஒரு செய்தி வந்தால் உடனே பதில் போடுவோம். வாங்குகிற எண்ணத்தோடு கேட்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஈரநிலம்:

ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு ஏதாவது வழி உண்டா? என் தங்கை போன மாதம் வாங்கினாள். நீட்டித்த வாரண்டியும், வண்டி முழுதும் சேதமானால் கடன் பாக்கியை ஈடுகட்டும் காப்பீடும் சேர்த்துவிட்டார்கள். அது இல்லாமல் கடன் கிடைக்காது என்றார்களாம்.

எழுத்தர்மேசை:

முதலில் கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அவை கட்டாயம் என்று வங்கி எங்காவது எழுதியிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. வங்கிக்கே எழுதி, "இந்த வாரண்டி வாங்குவது கடனுக்கு நிபந்தனையா?" என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் உங்கள் கையில் வலுவான ஆதாரம் இருக்கிறது.

அடுத்து, அந்த இரண்டு ஒப்பந்தங்களிலும் ரத்து செய்யும் பகுதி எங்கே என்று தேடுங்கள். தொடக்க நாட்களுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும், அதற்குப் பிறகு என்றால் மீதிக் காலத்துக்குரிய விகிதத்தில் பணமும் கிடைக்கும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். டீலரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். வாரண்டி கொடுத்த நிறுவனத்துக்கும் டீலருக்கும் எழுத்தில் அனுப்புங்கள், அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். கடனில் சேர்த்து வாங்கியிருந்தால் பணம் பொதுவாகக் கைக்கு வராது, கடன் அசலில் கழியும். தவணை அப்படியே இருக்கும், கடைசித் தவணைகள் குறையும். அதனால் அடுத்த மாதத் தவணை குறையவில்லையே என்று குழம்ப வேண்டாம், கடன் கணக்கில் அசல் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று நாளில் காரையே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அமெரிக்காவில் எஃப்டிசியின் மூன்று நாள் ரத்து விதி டீலரின் இடத்திலேயே போய் வாங்கும் காருக்குப் பொருந்தாது. வேறு இடங்களிலும் உங்கள் இடத்துச் சட்டத்திலோ ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தால் ஒழிய அப்படி ஓர் உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

விதிப்புத்தகம்:

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு சின்னச் சேர்க்கை. பழைய கார் விற்கும் டீலர் ஒவ்வொரு வண்டியிலும் "பையர்ஸ் கைடு" என்ற தாளை ஒட்ட வேண்டும் என்ற எஃப்டிசி விதி 1985 முதல் இருக்கிறது. வாரண்டி உண்டா, இருக்கும் நிலையிலேயே விற்பனையா என்று அதில் குறித்திருக்கும். அது ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வழிப்போக்கன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தச் செய்தியை முதல் டீலர் உட்படச் சிலருக்கு அனுப்பினேன். முதல் டீலர் "நேரில் வாருங்கள்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். இன்னொருவர் வரி வரியாக அனுப்பியிருக்கிறார். வண்டி விலை கொஞ்சம் அதிகம், ஆனால் மொத்தம் முதல் டீலரைவிடக் குறைவு. மெக்கானிக்கோடு போய்ப் பார்க்கப் போகிறோம். அவர் வண்டியை நிறுத்தி வைக்க டோக்கன் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? கடன் ஒப்புதல் வரும் முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் சொல்கிறார்.

எழுத்தர்மேசை:

முன்பணம் சிறிய தொகையாக இருந்தால் கொடுக்கலாம். ரசீதில் மூன்று விஷயம் வேண்டும்: வண்டியின் எண், அவர் அனுப்பிய அதே மொத்தத் தொகை, மெக்கானிக் சோதனையிலோ கடனிலோ சரிவராவிட்டால் பணம் முழுதும் திரும்ப வரும் என்ற வாக்கியம். வங்கி வழியாகக் கட்டுங்கள், ரொக்கம் வேண்டாம்.

ஒப்புதல் வரும் முன் வண்டியை எடுக்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து "கடன் அந்த வட்டியில் கிடைக்கவில்லை, புதிய ஒப்பந்தம் போட வேண்டும்" என்று அழைப்பு வரும். அதற்குள் வண்டி வீட்டில் நிற்கும், வீட்டில் எல்லோரும் பழகியிருப்பார்கள், திருப்பிக் கொடுக்க மனம் வராது. கூடுதல் வட்டிக்கு ஒப்புக்கொள்வோம்.

கையெழுத்துப் போடும் நாளில் விற்பனை ஒப்பந்தம், கடன் ஒப்பந்தம், ரசீது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர் எழுதி அனுப்பிய தாளோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். நிரப்பாத கட்டம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. காலியாக இருந்தால் குறுக்கே கோடு போடச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள், நகலை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.